கன்னத்தில் ஊக்குத் தடம்

அக்கா தன் ஊருக்குத் திரும்பிப் போன மூன்றாம் நாள், என் மகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மொத்தமே இரண்டு துணிதான் நனைத்தாள்.

அதனாலென்ன என்று கேட்பவர்கள் கைக்குழந்தையோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். உள்ளே எவ்வளவு தாய்ப்பால் போகிறது என்று யாராலும் அளக்க முடியாது. வெளியே வருவதை எண்ணலாம். ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் சிஸ்டர் சொல்லித் தந்தது. நான் பி.டெக். முடித்தவள், கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மூன்று வருஷம் டெஸ்டிங் பார்த்தவள். எண்ணச் சொன்னால் விடமாட்டேன். போனில் ஒரு ஷீட் திறந்து, எத்தனை மணிக்குக் குடித்தாள், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம், துணி நனைந்ததா இல்லையா என்று தட்டிக்கொண்டே வந்தேன். அக்கா இருந்தவரைக்கும் எட்டு, ஒன்பது. ஒரு நாள் பதினொன்று. அன்றைக்கு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பெங்களூரில் இருக்கும் என் வீட்டுக்காரனுக்கு அனுப்பி, கீழே 'யாரு கெத்து?' என்று எழுதினேன்.

இப்போது இரண்டு.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஆரியசாலையில், மலையாளிகளுக்கு நடுவே ஒரு தமிழ்க் கடைத்தெரு. கீழே அப்பாவின் மிளகாய் வத்தல், மல்லி மொத்தக்கடை, மேலே நாங்கள். மூட்டை இறக்கும் நேரத்தில் மாடிவரைக்கும் தும்மல் ஏறும். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வந்தேன். பேத்தியைத் தூக்க அப்பா மேலே வந்தால், தேங்காயெண்ணெய் போட்டு ஒரு தடவை, சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவ வேண்டும். அப்படியும் அம்மா அவர் விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுப்பாள். இவ்வளவு கறாரான வீடு. பிள்ளையின் மேல் ஒரு வத்தல் தூசி படாமல் பார்த்துக்கொண்ட வீடு. அதில்தான் எனக்கு மட்டும் தெரியாமல் ஒன்று இருபத்தோரு நாள் நடந்தது.

பிள்ளை பிறந்த முதல் வாரம் நரகம். அவள் வாயைத் திறந்து தேடுவாள், பிடிப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், பிறகு விட்டுவிட்டு உடம்பெல்லாம் சிவக்க அலறுவாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. அவள் வாய் கிட்டே வரும்போதே என் கால்விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு இருபதுவரை எண்ணுவேன். இருபதுக்குப் பிறகு வலி கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் பதினைந்திலேயே அவள் விட்டுவிடுவாள். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தனிக் கச்சேரி. குடிக்கவும் மாட்டாள், தூங்கவும் மாட்டாள், கீழே போடவும் விடமாட்டாள். ஏழரைவரைக்கும் அழுகைதான்.

பார்க்க வந்த ஒருத்தர் விடாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பால் பத்தல." வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னவர்களும் உண்டு. அம்மா பூண்டை வேகவைத்தாள், பால்சுறாப் புட்டு செய்தாள், காலையும் மாலையும் உள்ளி லேகியத்தை உருட்டி என் வாயில் போட்டாள். என் வியர்வையே பூண்டு நாறியது.

பவுடர் பால் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டபோது நான் ஆடிய ஆட்டம் எனக்கே நினைவிருக்கிறது. "இந்த வீட்டுக்குள்ள பவுடர் டின் வந்துதுன்னா நான் பிள்ளையத் தூக்கிட்டு பெங்களூருக்குப் போயிருவேன்." எனக்கு அதில் ஒரு வெறி இருந்தது. படிப்பில், வேலையில், கல்யாணத்தில்கூட நான் நினைத்ததைச் செய்து காட்டியவள். அழுதுகொண்டே ஒரு கோர்ஸை முடித்திருக்கிறேன். இதென்ன பெரிய இது, ஆடுமாடு செய்கிற காரியம். இதில் தோற்க மாட்டேன் என்று இருந்தேன். என் பிள்ளை என் பாலில்தான் வளர வேண்டும். வேண்டியது அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் அக்கா நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கினாள். இடுப்பில் அவளுடைய ஒன்பது மாதத்துப் பையன், தோளில் இரண்டு பை, வாய் நிறையச் சிரிப்பு. நானும் பிள்ளையும் கட்டிலில் உட்கார்ந்து ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தோம்.

"ஏட்டி, ரெண்டு பேரும் சேந்து அழுதா நான் யாருக்கு மூக்கு சிந்த?"

அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது. என்னைவிட ஆறு வயது பெரியவள். என் முதல் சிகரெட் முதல் என் லவ் வரை அம்மாவுக்குத் தெரியாத எல்லாமும் அவளுக்குத் தெரியும். நான் யாரிடமும் பொய் சொல்லத் தயங்காதவள், அவளிடம் மட்டும் சொன்னதில்லை. அவள் தாலிச் செயினில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். சேலை கிழிந்தால், செருப்பு வார் அறுந்தால், என் சுரிதார் ஜிப் பிய்ந்தால், கை தானாகக் கழுத்துக்குப் போய் ஒரு ஊக்கைக் கழற்றி மாட்டிவிடும். என் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படத்தில் என் பிளவுஸை நிறுத்தி வைத்திருப்பது அக்காவின் ஊக்குதான்.

அவளுக்குப் பால் கொடுப்பது மூச்சு விடுகிற மாதிரி. பையன் பக்கத்தில் வந்து சேலையை இழுத்தால் போதும், அவள் போனில் பேசிக்கொண்டே, சுண்டல் கொறித்துக்கொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே கொடுப்பாள். அவனும் சிங்கம் மாதிரி குடிப்பான். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா வந்த இரண்டாம் நாளே எல்லாம் மாறத் தொடங்கியது.

எங்கள் ஊரில் பிரசவித்தவளைக் குளிப்பாட்ட ஒரு சேச்சி வருவாள். இங்கே மலையாளிகள் வீட்டு வழக்கம், நாங்களும் எடுத்துக்கொண்டோம். காலை ஒன்பது மணிக்கு வந்து முதலில் பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியில் சுருட்டி அக்கா கையில் கொடுப்பாள். அதன் பிறகு என் முறை. எண்ணெய் தேய்த்து, ஊறவைத்து, இலை போட்டுக் கொதித்த தண்ணீரை மொண்டு மொண்டு அடித்து, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டி வெளியே விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே குண்டு வெடித்தாலும் கேட்காது. நான் தலைத் துண்டோடு வெளியே வந்தால், பிள்ளை அக்கா மடியில் வாயை லேசாகத் திறந்து, இடி விழுந்தாலும் எழுந்திருக்காத தூக்கத்தில் இருப்பாள்.

"குளிச்ச சொகத்துல உறங்குதா," என்பாள் அக்கா.

சாயங்காலக் கச்சேரிக்கும் அவளே வைத்தியம் கண்டுபிடித்தாள். "நீ டென்சன் ஆவுத, அது பிள்ளைக்குத் தெரியுது. அரை மணிக்கூர் மாடிக்குப் போயிக் காத்து வாங்கு. நான் சமாளிச்சுக்கிடுதேன், கேட்டியா?" நான் மொட்டை மாடிக்குப் போய், காயப்போட்ட துணிகளை எண்ணிக்கொண்டு, சாலை பஜாரின் ஆரவாரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். இறங்கி வந்தால் வீடு அமைதி. என் மகள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு வாரமாக யாராலும் நிறுத்த முடியாத அழுகை, மந்திரம் போட்ட மாதிரி நின்றுவிட்டது.

நான் கொடுக்கும்போதும் அவள் முன்போல அலறவில்லை. ஐந்து நிமிஷம் சப்புவாள், தூங்கிப்போவாள். எனக்கும் வலி குறைந்தது. துணி மட்டும் எட்டு, ஒன்பது என்று ஏறியது. எடை பார்க்கப் போனபோது சிஸ்டர் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டி, "மிடுக்கி!" என்றாள். மலையாளத்தில் அது கெட்டிக்காரப் பெண்ணுக்குச் சொல்வது. எனக்கு டிஸ்டிங்ஷன் வாங்கியபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் என் கன்னத்தைப் பிடித்து ஆட்டினாள். "நான் சொன்னேம்லா? உம் பால்தான் ஏறுது. நீ சும்மா பயந்த." அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். லூசு நான்.

அந்தத் திமிரில் இன்னொன்றும் செய்தேன். என்னோடு காலேஜில் படித்தவள் ஒருத்திக்கும் அதே மாதம்தான் பிள்ளை பிறந்திருந்தது. பால் வரவில்லை, பவுடர் ஆரம்பித்துவிட்டேன், அழுகையாக வருகிறது என்று மெசேஜ் போட்டாள். நான் ஏழு வாய்ஸ் நோட் அனுப்பினேன். ஏழு! 'உன் உடம்பை நம்பு, கொஞ்சம் ட்ரை பண்ணு, நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா, விட்டுக் கொடுத்தா எப்பிடி?' அவள் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினாள். பிறகு பேசவில்லை.

இருபத்தெட்டாம் நாள் பிள்ளைக்கு இடுப்பில் நூல் கட்டினோம். அன்றைக்கு அக்காவின் மாப்பிள்ளை வந்து, மறுநாள் காலை அவளையும் பையனையும் அழைத்துப் போனார். அக்கா படியிறங்கும்போது என் மகளை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுகிறவளில்லை. "பிள்ளையப் பாத்துக்கிடு," என்று மூன்று தடவை சொன்னாள்.

அன்று குளித்துவிட்டு வெளியே வந்தால், பிள்ளை அம்மா கையில் வீரிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று முழுக்க வீரிட்டாள். மார்பில் வைத்தால் இரண்டு இழுப்பு, தலையைப் பின்னால் வெட்டி இழுத்து அலறல். முதல் வாரம் திரும்பி வந்தது, இன்னும் பெரிய தொண்டையோடு. சட்டையைத் திறக்கும்போதே முகத்தைத் திருப்பத் தொடங்கினாள். அம்மா என் கண்ணைப் பார்க்கவில்லை. முதல் நாள் ஐந்து துணி. இரண்டாம் நாள் நாலு. மூன்றாம் நாள்தான் ஆரம்பத்தில் சொன்னேனே, சாயங்காலம்வரைக்கும் இரண்டு. இரண்டாவதில் ஈரம் இருந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளை கொஞ்சம் வாடியிருக்கிறாள், பெரிய ஆபத்தில்லை, ஆனால் இப்போதைக்குப் பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். பேச்சுக்கு இடமே இல்லை. பாலாடையில் என் கண் முன்னால் அவளுக்குப் பவுடர் பாலைப் புகட்டினார்கள். மூக்குக் கிண்ணத்தை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டு, உறங்கிப்போனாள்.

அதே சிஸ்டர் என் ஷீட்டை வாங்கி விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு என்னைக் கையால் பிழிந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தாள். அவள் முகத்தில் மிடுக்கி இல்லை.

"மோளே, இது மூணு நாளில் குறைஞ்ச பால் இல்ல. நேரத்தேயே குறவாணு. வேற எந்தெங்கிலும் கொடுத்திருந்தோ? பொடியோ மற்றோ?"

முன்பிருந்தே பால் குறைவாம், வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்கிறாள். "இல்ல," என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

சிஸ்டர் பொறுமையாகச் சொன்னாள். பிள்ளை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் உடம்பு சுரக்கும். வெளியிலிருந்து வயிறு நிறைந்த பிள்ளை இழுக்காது. அது இழுக்காத ஒவ்வொரு தடவையும் உடம்பு, ஓ, இங்கே தேவையில்லை போல என்று குறைத்துக்கொள்ளும். எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நான் மொத்தக்கடைக்காரர் மகள். ஆர்டர் வராத சரக்கை எங்கள் அப்பா இறக்குவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையல்கட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். அரிசிப் பானை, பருப்பு டப்பா, சாமி அலமாரிக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்கு மேலே. அம்மாதான் திருட்டுத்தனமாகப் பவுடர் கலக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. டின் இல்லை. பாட்டில் இல்லை. அம்மா கதவோரம் நின்று, "என்னத்தத் தேடுத மக்ளே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தோற்றுப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, போனில் அவளுடைய பழைய படங்களைத் தள்ளினேன். தினமும் குளியல் முடிந்து வந்ததும், தூங்கும் பிள்ளையை ஒரு படம் எடுத்து அவள் அப்பாவுக்கு அனுப்புவேன். இருபது படத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி. கண்மை, திறந்த வாய், தூக்கம். எடை ஏறியது தெரிகிறதா என்று கன்னத்தைப் பெரிதாக்கினேன்.

கன்னத்தில் ஒரு தடம் இருந்தது. துணி மடிப்பு பட்டிருக்கும் என்று அப்போதெல்லாம் விட்டிருக்கிறேன். இன்னும் பெரிதாக்கினேன். ஒரு முனை வளையம், இன்னொரு முனை அகலமாக, நடுவில் இணையாக இரண்டு கோடு. ஊக்கு. பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தின் பாதி. தாலி.

அடுத்த படம். அதே தடம், இன்னும் கொஞ்சம் கீழே. அடுத்தது. சில நாள் இடது கன்னத்தில், சில நாள் வலது கன்னத்தில். மார்பு மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

என் தாலியை நான் நெஞ்சு வீங்கிய முதல் வாரமே கழற்றி பீரோவில் வைத்துவிட்டேன். ஊக்கு என்பது என் கழுத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எனக்கு வேண்டியபோதெல்லாம் அவள் கழுத்தில் இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது என்ன?"

"பிள்ள படம்."

"கன்னத்துல?"

அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள். மழுப்பப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராகவே சொன்னாள். "அவ குடுத்தா. மொத நாளு தானா குடுத்துட்டா. மறுநாளு எங்கிட்டக் கேட்டா, குடு, அவகிட்டச் சொல்லாதன்னு நாந்தான் சொன்னேன்."

"குளிப்பாட்டுற சேச்சி?"

"அவளுக்கும் தெரியும்."

"அப்பா?"

அம்மா வெங்காயத் தோலைப் பொறுக்கிக் கூட்டினாள். அப்படியென்றால் கீழே கடையில் அப்பாவுக்கும் தெரியும். காலையில் ஒரு தடவை, மத்தியானம் நான் அயர்ந்து தூங்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் நான் மொட்டை மாடியில் துணி எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. நான் எண்ணிய துணியில் பாதி அக்காவின் பால். நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது அவளுடைய மார்க்கை.

வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கையைத் துடைத்தாள்.

"அம்மா சொல்லிட்டாளா?"

"உன் ஊக்கு சொல்லிச்சு."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"ஏட்டி, நான் சொல்லதக் கேளு. நீ உள்ள எண்ண தேச்சிட்டுக் கெடக்க. உம் பிள்ள மூச்சு முட்டக் கத்துது. எனக்குப் பிளவுஸெல்லாம் நனஞ்சு போச்சு. நான் என்ன கல்லா? எடுத்து வச்சேன், குடிச்சா, உறங்கினா. கொலக்குத்தமா?"

"ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன? அதான் சொல்லல."

"எனக்குப் பால் வத்திப் போச்சுக்கா. உன்னால."

அது அவளுக்குத் தெரியாது. அவளுடைய உலகத்தில் பால் என்பது திறந்தால் கொட்டுகிற குழாய். கேட்டுத்தான் வரும் என்பது, கேட்காவிட்டால் நின்றுவிடும் என்பது, அவளுக்கு ஒருபோதும் தெரிய வேண்டியிருக்கவில்லை. பையன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"நான் நாளைக்கே வாறேன்," என்றாள் மெதுவாக. "வந்து கொஞ்ச நாளு நான் குடுக்கேன். உனக்குத் தெரிஞ்சே. நீ அதுக்குள்ள—"

நான் போனைத் துண்டித்தேன்.

வீட்டுக்காரனிடம் சொல்லி அழுதேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்பிடியோ, பிள்ளைக்கு நல்ல பால் கெடச்சிருக்குல்ல? அக்காதானே, வேத்தாளா?" என்றான். நல்லவன்தான். அன்றைக்கு அவனையும் பிளாக் செய்தேன், இரண்டு மணி நேரம்.

இதை எழுதும்போதும் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். அவள் பால் கொடுத்ததை நான் மன்னித்துவிடுவேன் என்றே தோன்றுகிறது. பசித்த பிள்ளை, நனைந்த பிளவுஸ். யாராக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் கன்னத்தைப் பிடித்து ஆட்டி, 'உம் பால்தான் ஏறுது' என்றாளே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நான் ஐந்து நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டேன், மாடியில் காற்று வாங்கினேன், பிழிந்து பார்க்காமல் விட்டேன், ஏழு வாய்ஸ் நோட் அனுப்பினேன். பிள்ளைக்குப் பசி தீர்ந்தது. எனக்குப் பால் வருகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் உரிமையை என்னைச் சுற்றியிருந்த நாலு பேர் சேர்ந்து, என் நல்லதுக்கு என்று, எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். சிஸ்டர் பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டினாள். மூக்குக்கு நேரே காம்பு, வாய் கொட்டாவி மாதிரி விரியும்வரை காத்திருப்பது, பிள்ளையை நம்மிடம் கொண்டுவருவது, நாம் பிள்ளைமேல் கவியக் கூடாது. முதல் தடவையாக நான் இருபதுவரை எண்ண வேண்டியிருக்கவில்லை. பகலில் இரண்டு மணிக்கொரு தடவை வைப்பேன், அவள் திருப்பிக்கொள்வாள், மறுபடி வைப்பேன். பிறகு பம்ப். பிறகு பாலாடையில் பவுடர். மூன்றும் முடிந்து பாத்திரம் கொதிக்க வைப்பதற்குள் அடுத்த இரண்டு மணி. பம்பில் முதல் நாள் டம்ளரின் அடிப்பாகம் நனையும் அளவுக்குத்தான் வந்தது. அதை அம்மா எட்டிப் பார்த்தபோது டம்ளரைக் கையால் மூடிக்கொண்டேன். அம்மாவோடு உப்பு, சர்க்கரை, வெந்நீர் என்று தேவைக்கு மட்டும் பேசினேன். குளிப்பாட்டும் சேச்சியை நிறுத்தச் சொன்னேன். அவள் போகும்போது வாசலில் நின்று, "கொச்சு கரஞ்ஞது கேட்டு நிக்கான் பற்றியில்ல மோளே," என்றாள். பிள்ளை அழுததைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லையாம். இந்த வீட்டில் யாருக்குமே முடியவில்லை. எனக்கு மட்டும் கேட்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

காலேஜ் தோழிக்கு எட்டாவது வாய்ஸ் நோட் அனுப்பினேன். நடந்ததைச் சொன்னேன், ஸாரி சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. 'நீ சொன்னதக் கேட்டு ஒரு வாரம் பவுடர நிறுத்திட்டு அழுதேன்டீ.' வேறொன்றும் எழுதவில்லை. அதையும் எழுதாமல் இருந்திருக்கலாம்.

பால் ஏறியது. மெல்ல. பத்து நாளில் பவுடர் ஆறு வேளையிலிருந்து நாலு வேளை ஆனது. இரண்டாம் மாதக் கடைசியில் இரண்டு. அங்கேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் அந்த இரண்டு வேளை மட்டும் இறங்கவில்லை. சாயங்கால அழுகை தானாகவே குறைந்தது. சிஸ்டர் சொன்னாள், அந்த வயதில் நிறையப் பிள்ளைகள் அந்த நேரத்தில் அழும், எவ்வளவு குடித்தாலும் அழும் என்று. இதை யாராவது ஏழாம் நாளே சொல்லியிருந்தால்!

தொண்ணூறாம் நாள் என்னையும் பிள்ளையையும் பெங்களூருக்கு அழைத்துப் போக வீட்டுக்காரன் வந்தான். வழியனுப்ப அக்காவும் வந்தாள். நான் போனை எடுக்காத இரண்டு மாதத்துக்குப் பிறகு நேரில் பார்க்கிறேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பையன் நடக்கத் தொடங்கியிருந்தான். கழுத்தில் ஊக்கு இல்லை. கழற்றியிருக்கிறாள். அதைக் கவனித்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரிந்தது.

கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளை அழுதாள். அக்காவின் இரண்டு கையும் பாதி தூரம் எழுந்து நின்றது. பிறகு இறங்கி, சேலைத் தலைப்பை நெஞ்சுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டது. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

வைத்தேன். பிள்ளை பிடிக்கவில்லை. வெளியே அக்கா தன் பையனை ஏதோ அதட்டினாள். அந்தக் குரல் கேட்டதும் என் மகள் அழுகையை நிறுத்தி, கதவுப் பக்கம் தலையைத் திருப்பினாள். மூன்று மாதப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும், சத்தம் கேட்டால் திரும்பத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்னத்தைத் தொட்டுத் திருப்பினேன். காத்திருந்தேன். வாய் விரிந்தது. பிடித்தாள். எட்டு நிமிஷம், விடாமல், தொண்டையில் சத்தம் கேட்கக் குடித்தாள்.

கதவைத் திறந்தபோது அக்கா கூடத்தில் என் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அடுக்கத் தெரியாது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு தீர்மானம்.

"குடிச்சாளா?"

"ம்."

"இப்ப முழுக்க உம் பால்தானே?"

சுற்றிலும் ஆட்கள். அம்மா, அப்பா, வீட்டுக்காரன், அவனுடைய அம்மா.

"முழுக்க," என்றேன்.

அக்கா தலையாட்டிவிட்டு என் நைட்டிகளைப் பெட்டியின் ஓரத்தில் திணிக்கக் கையை உள்ளே விட்டாள். கை அங்கேயே நின்றது. பிள்ளையின் துணிகளுக்கு அடியில், டவலில் சுற்றி, பவுடர் டின்னை நான்தான் வைத்திருந்தேன். டவல் விலகி, டின்னின் மூடி தெரிந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. டவலை இழுத்து மூடினாள், அதன்மேல் ஒரு நைட்டியைப் போட்டாள், அதன்மேல் இன்னொன்று. பெட்டி ஜிப் பாதியில் சிக்கியது. பழக்கத்தில் அவள் கை கழுத்துக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

"கடையிலேர்ந்து கொஞ்சம் சாக்குக் கயிறு எடுத்துட்டு வாங்கப்பா," என்றாள். "கட்டிரலாம்."